பெயர் தெரியாத பன்னிரண்டு வரிகள்

வங்கியிலிருந்து வரும் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, யாருக்குப் போனது, எதற்குப் போனது என்று தெரியாமல் சில வரிகள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம், கணக்கு வேலையில் இருக்கும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். இப்போதிருக்கும் சாஃப்ட்வேரில் அதற்கு என்ன வழி என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடமும் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நான் செய்ததையே உங்களில் யாராவது செய்துவிடுவீர்களோ என்றுதான் சொல்கிறேன்.

நான் தெற்கத்தி ஆள். எண்பதுகளின் நடுவில் பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். இரண்டு மூன்று பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீரபாண்டியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்டன்ட்டாகச் சேர்ந்தேன். முதலாளி பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். அதிகம் பேசமாட்டார். கம்பெனியும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. என் மேஜையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை தெரியும். முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பையன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரும் எனக்கு வேறு மாதிரி சொன்னதில்லை.

எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த பெரியவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது இரண்டு நாள் கூடவே உட்கார்ந்தார். கம்பெனி லெட்ஜர்களை எல்லாம் காட்டிய பிறகு, கடைசியாக ஒரு மெல்லிய நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதலாளிக்கும் அம்மாவுக்கும் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அதற்கான நோட்டு அது.

“கம்பெனிக் கணக்குல ஒரு பைசா விடாதீங்க. ஊட்டுக் கணக்குல எல்லாத்தையும் பார்க்காதீங்க” என்றார்.

வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நோட்டில் அவர் பாதி வரிகளுக்கு எதிரே ‘வீட்டுச் செலவு’ என்று மட்டுமே எழுதியிருந்தார். வேலை அதிகமாக இருந்ததால் நானும் ஆறு வருடம் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மகன் படிப்பை முடித்துத் திரும்பினார். வரும்போது ஒரு சிடி கொண்டுவந்தார். வீட்டு வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். அந்த ஊரில் குடும்பம் குடும்பமாக அதில்தான் கணக்கு வைத்துக்கொள்கிறார்களாம். அப்போதுதான் எங்கள் வங்கிக் கிளையிலும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஃபிளாப்பி கொடுத்தால் ஒரு வருடப் பட்டியலை அதில் போட்டுத் தருவார்கள்.

“அண்ணா, இனி ஒவ்வொண்ணாக் கையில எழுத வேண்டாமுங்க. அப்படியே உள்ள இழுத்துக்கும். எதுக்கு எவ்வளவு போச்சுன்னு படமே போட்டுக் காட்டும்” என்றார் மகன். நல்ல பையன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் முறை ஏற்றியபோது தேதிகள் குழம்பிப் போயின. அந்த சாஃப்ட்வேருக்கு மாதம்தான் முதலில் வரவேண்டும், நம் வங்கி நாளை முதலில் போடும். நவம்பர் ஐந்தாம் தேதி தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிய செக், மே மாதம் பதினொன்றாம் தேதியில் போய் உட்கார்ந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, சித்திரை வெயில்ல பட்டாசு வாங்குனமுங்களா?” என்று கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இந்த மாதிரிப் பிழைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், நாம் திருத்துவோம், அதோடு போய்விடும்.

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் யாருக்கு, எதற்கு என்று நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பாத வரிகளை அந்த சாஃப்ட்வேர் தனியாகச் சிவப்பில் எண்ணிக் காட்டும். முதல் நாள் இருநூற்றுச் சொச்சம் இருந்தது. பால், பெட்ரோல், கரண்ட் பில், குலதெய்வம் கோயில் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் குறைத்துக்கொண்டே வந்தேன். எனக்கு அது ஒரு வெறி மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பன்னிரண்டு நின்றன. பன்னிரண்டும் ஒரே தொகை, ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி போயிருந்தது. வங்கிப் பட்டியலில், மாதாமாதம் தானாகவே பணம் அனுப்பச் சொல்லும் ‘நிலையான உத்தரவு’ என்பதற்கான சுருக்கெழுத்தும் ஒரு நம்பரும் மட்டும்தான் இருந்தன.

வங்கியில் எங்கள் ஊர்ப்பக்கத்து அதிகாரி ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன்.

“இதெல்லாம் காட்டக் கூடாதுவே. சீக்கிரம் பாத்துட்டுக் குடும்” என்று பழைய ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் இந்தத் தொகைக்கு டிராஃப்ட் எடுத்து, கோமதி என்ற பெயருக்கு, மடத்துக்குளத்தில் ஒரு முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய கடிதம். எழுதியிருந்த கை எனக்கு முன்னால் இருந்த பெரியவருடையது. கீழே அம்மாவின் கையெழுத்து.

இந்த இடத்தில் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை நான் பார்த்தேன். அம்மா இருந்த வீடு என் மேஜையிலிருந்து ஐம்பது அடி. போய், “அம்மா, இது என்ன எழுதட்டுங்க?” என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. ஏதோ சொந்தக்காரப் பெண், ஏதோ உதவி என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதைக்கூட நினைக்கவில்லை. முகவரியை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு திரும்பி வந்து, பன்னிரண்டு வரிகளிலும் பெயரையும் ஊரையும் அடித்தேன். சிவப்பு எண் பூஜ்யமானது. எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். முதலாளி நாற்காலியில். மகன் கையில் நான் எடுத்துக் கொடுத்த நீளமான பிரிண்ட். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். அம்மா சமையலறையிலிருந்து மோர் டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார். மகன் ஒவ்வொரு பெயராக, மொத்தத் தொகையோடு, கடகடவென்று படித்துக்கொண்டே வந்தார். பால்காரர், பெட்ரோல் பங்க், துணிக்கடை. “கோமதி” என்று படித்தவர் அதோடு நிறுத்திவிட்டார்.

பிரிண்டரில் ரிப்பன் பழையது. எழுத்து மங்கியிருக்கும், அதனால்தான் படிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்து உதவிக்கு வந்தேன்.

“மடத்துக்குளமுங்க தம்பி. மாசாமாசம் அஞ்சாந்தேதி ஆயிரத்து இருநூறு. இந்த ஒரு வருஷம் மட்டுமில்லீங்க, ஏழு வருஷமாப் போகுது. நான் பேங்க்லயே போய் விசாரிச்சுட்டேனுங்க.”

அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி கையை நீட்டினார். மகன் காகிதத்தைக் கொடுத்தார். அந்த ஒரு வரியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழு வருஷமுங்களா?” என்று என்னைத்தான் கேட்டார்.

“ஆமாங்க.”

“சரிங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க.”

ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. மறுநாள் காலை கட்டிங் செக்‌ஷனில் நெடுநாளாக வேலை பார்த்த பாய் ஒருவரிடம், “கோமதின்னு யாருங்க பாய்?” என்று கேட்டேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“மொதலாளியோட மூத்த பொண்ணுங்க. இதே செக்‌ஷன்ல கட்டிங் மாஸ்டரா இருந்த பையனோட போயிருச்சு. அவன் வேற சாதி. அன்னிக்கு நாலு கார்ல தேடுனாங்க, கெடைக்கலை. கெடைச்சிருந்தா என்ன ஆயிருக்குமோ. அதுக்கப்புறம் அந்தப் பேரை இந்தக் காம்பவுண்டுக்குள்ள யாரும் எடுக்கறதில்லீங்க. நீங்க எங்க கேட்டீங்க இந்தப் பேரை?”

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முதலாளி உள்ளே வந்து, வங்கிக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். நிலையான உத்தரவை ரத்துசெய்ய வேண்டும். இனிமேல் அந்தக் கணக்கில் இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பணம் போக வேண்டும். இரண்டே வாக்கியம். நான்தான் டைப் அடித்தேன். அன்று தேதி மூன்று. நான் நினைத்திருந்தால் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்திருக்கலாம். அந்த மாத டிராஃப்ட் மட்டுமாவது போயிருக்கும். யாரும் என்னைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அன்று மதியமே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் போட்டு வாங்கிவந்தேன். வேலையில் சுத்தம் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மகன் என் மேஜைக்கு வந்தார். கம்பெனியில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம்.

“அண்ணா, அந்த அட்ரஸ் வேணுமுங்க.”

என் சட்டைப் பையில்தான் அந்தச் சீட்டு இருந்தது. அன்றிலிருந்து அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கூடவே வைத்திருந்தேன். அவருக்கு அக்கா. கேட்பதற்கு அவருக்கு உரிமை இல்லையா என்றுதான் முதலில் தோன்றியது. கை பைக்குக்கூடப் போனது. பிறகு, “சாயந்திரம் சொல்றேனுங்க தம்பி” என்றேன்.

அவர் போனதும் கொட்டகைப் பக்கமாகப் போய் அம்மாவைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது அப்போதுதான். “எனக்குத் தெரியாதுங்கம்மா” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க” என்றார். பிறகு, “எங் கையெழுத்தைப் பார்த்தீங்கல்லங்க?” என்றார்.

“பார்த்தேனுங்க.”

இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். எதுவும் இந்த ஒரு கேள்வி மாதிரி இல்லை.

மகன் முகவரி கேட்பதைச் சொன்னேன். “எதுக்குன்னு கேட்டீங்களா?” என்றார் அம்மா. கேட்கவில்லை என்றேன். “கேளுங்க” என்றார்.

சாயங்காலம் மகனிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. “என்னோட அக்காங்கண்ணா. எதுக்குன்னு உங்ககிட்டச் சொல்லோணுமா?” என்றார். அவர் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாருங்க.”

“எதுக்குன்னு சொன்னாருங்களா?”

“சொல்லலீங்க. நானும் கேட்கலை.”

முதலாளி எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வங்கியில் கேட்டால் அவருக்கே கொடுத்திருப்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லி அங்கே போய் நிற்க மனம் வரவில்லை போலிருக்கிறது. ஏழு வருடம் கழித்து மகளைப் பார்க்க ஆசை வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாலு கார் என்று பாய் சொன்னதும் காதிலேயே இருந்தது. “அட்ரஸை நான் எழுதிக்கலீங்க தம்பி. பேர், ஊர் மட்டுந்தான் பார்த்தேன்” என்றேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்திடம் நான் சொன்ன முதல் பொய். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் அம்மா பழைய துணிப்பை ஒன்றில் பணத்தைச் சுற்றிக் கொடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. “போயி இதைக் குடுத்துட்டு, அங்க இருக்க வேண்டாம்னு சொல்லிருங்க” என்றார். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுப் பல்லடம் போய், அங்கிருந்து உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறி, மறுபடி மாறி மடத்துக்குளத்தில் இறங்கினேன். பஸ் முழுக்க என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். என்னால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சொல்வதற்கு ஆள் இல்லை. இரண்டு அறை ஓட்டு வீடு, பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க யாருங்க?” என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன்.

“அவங்க போயிப் பத்து நாளாச்சுங்க. மாசம் பொறந்தா ஒரு கவரு வருமுங்க, அந்தப் புள்ளைக்கு. இந்த மாசம் வரலை. அஞ்சாறு நாள் வாசல்லயே நின்னு போஸ்ட்மேனைப் பார்த்துட்டு இருந்துச்சு. ஒரு நாள் காத்தால மூணு பேரும் கிளம்பிட்டாங்க. எங்கன்னு கேட்டேன், சொல்லலீங்க.”

கோமதிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை மட்டும்தான் நான் மூன்று வாரமாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். கவர் வராமல் போனால் அவருக்கு அது என்ன சேதி சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் தெரிந்துவிட்டது, இனி தேடி வருவார்கள் என்பதுதான் அந்தச் சேதி. புருஷன் வேலையை விட்டு, குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று பேரும் போயிருந்தார்கள். எல்லாம் நான் இரண்டு விரலால் அடித்த ஒரு பெயரால்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தேன். கோமதியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. மகன் தனியாக இரண்டு முறை தேடிப் போனார் என்று பாய் சொல்லித் தெரியும். முதலாளி பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக் கணக்கையும் என்னிடம் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெயர் தெரியாத வரி நின்றால், நிற்கட்டும். முதலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். அவரிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பெனிக் கணக்கில் எனக்கு இந்தச் சலுகை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்து உங்கள் கையில் கொடுத்தால், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியாதது அதில் இருக்கும். சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

மடத்துக்குளத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். வீடு பூட்டியிருக்கிறது, அவர்கள் போய்விட்டார்கள் என்றதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

“பக்கத்து ஊட்டம்மா சொன்னதை ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு முறை நிறுத்தினார்.

“வாடகை பாக்கி?”

“குடுத்துட்டாங்களாமுங்கம்மா.”

“சாவி?”

“அதையும் அந்தம்மா கையில குடுத்துட்டு, வரேனுங்கக்கான்னு சொல்லிட்டுத்தான் போனாங்களாம்.”

“அவளே குடுத்தாளாமா?”

“ஆமாங்கம்மா. குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து குடுத்தாங்களாம்.”

அவர் மாட்டின் கழுத்தில் கையை வைத்தார்.

“அப்பச் செரிங்க” என்றார். “அவளாத்தான் போயிருக்கா. யாரும் வந்து கூட்டிட்டுப் போகலை.”

பணப்பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.